வாசல் கல்லைப் படித்தவர்

"உள்ளுக்கு வராதையும்! அதிலேயே நில்லும்!"

கட்டிலில் கிடந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அறை வாசலில் மெலிந்த ஓர் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் மழையில் நனைந்த குடை. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் துடைத்து வைத்த தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து தேங்காய்ப்பால் சொதி வாசனை வந்தது.

"இவ்வளவு தூரம் வந்தனான். ஒருக்கா கிட்ட வந்து முகத்தைப் பாத்திட்டுப் போறனே" என்றார் அந்த அம்மா.

"வேண்டாம். சாப்பாட்டை அந்தப் பிள்ளையிட்டக் குடுத்திட்டு வீட்ட போம். உள்ளுக்கு வந்தீர் எண்டால் உம்மை அங்கால பக்கம் கொண்டுபோய் விட்டிடுவாங்கள்."

அந்தப் பிள்ளை நான்தான். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளை என்று ஒருவர் கூப்பிட்டதில் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் அந்த அம்மா பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முழங்கால் வலிக்காரர். கிளென்ஃபீல்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கட்டின மனைவியை இப்படியா விரட்டுவது?

அவரை நவரத்தினம் மாஸ்டர் என்று இங்கே அழைக்கிறேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆக்லாந்துக்காரர்கள் ஊகித்துக்கொண்டால் அது என் குற்றமல்ல.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். திருச்சியில் நான் பிசியோதெரபிஸ்ட். சொந்தமாக கிளினிக், வாசலில் என் பெயர்ப் பலகை. இங்கே விமானத்திலிருந்து இறங்கியதும் அந்தப் பலகைக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போயிற்று. தேர்வு எழுதிப் பதிவு வாங்கும்வரை உதவியாளர் வேலை. தினமும் ஹென்டர்சனில் ரயிலேறி, வயதானவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் வார்டுக்குப் போவேன். வாக்கரைப் பிடிக்கச் சொல்வது, எழுந்து நிற்கச் சொல்வது, விழுவதற்கு முன் பிடிப்பது. இதுதான் தொழில்.

மாஸ்டர் வீட்டுப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். வேறோர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார். எண்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் படிப்பித்தவர். எலும்பு நன்றாகவே கூடிக்கொண்டிருந்தது. ஆனால் மனிதர் காலைத் தரையில் ஊன்ற மறுத்தார். காலையில் வரும் ஓட்ஸ் கஞ்சியைத் தொட மறுத்தார். ஆஸ்பத்திரி பெயர் அச்சடித்த பைஜாமாவைப் போட மறுத்து, வீட்டிலிருந்து வந்த வேட்டியோடு கிடந்தார். கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று நான் சின்னத் துவாலைகளை மடிக்கக் கொடுத்தால், அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் போட்டார்.

"ஏன் ஐயா இப்படி பண்றீங்க?" என்றேன்.

"உங்கட சோத்தை நான் தின்னேல்லை. பிறகேன் உங்களுக்கு நான் வேலை செய்யவேணும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலி மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டு துவாலைகளைப் பொறுக்கினேன்.

ஹெலன் கேட்ட கேள்விகள்

ஒரு நோயாளி வீட்டுக்குப் போனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா என்று சோதிப்பது ஹெலனின் பொறுப்பு. நல்ல பெண்மணி. வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். வார்டின் கோடியில் ஒரு சின்ன சமையலறை உண்டு. கெட்டில், டோஸ்டர், மின்சார அடுப்பு, கரண்டி எல்லாம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் நோயாளியை அங்கே கூட்டிப்போய் ஒரு கப் டீ போடச் சொல்வார்கள். கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது, சூடான பாத்திரத்தைக் கவனமாகத் தூக்குவது, எதற்குப் பின் எது என்று நினைவு வைத்துக்கொள்வது. ஒரு மனிதனைப் பற்றி ஒரு கப் டீ எவ்வளவோ சொல்லிவிடும் என்பார் ஹெலன்.

அந்தத் திங்கட்கிழமை மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் அங்கே தள்ளிக்கொண்டு போனேன். முதலில் வழக்கமான கேள்விகள். இன்று என்ன தேதி? சரியாகச் சொன்னார். நாட்டின் பிரதமர் யார்? சொன்னார். கேட்காமலே அவருக்கு முந்தைய நால்வரின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார்.

"நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"ஒர்க்ஹவுஸில், மேடம்" என்றார் மாஸ்டர், பள்ளிக்கூட ஆங்கிலத்தில், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

ஹெலனின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. ஒரு கப் டீ போடுங்கள் என்று அடுத்துச் சொன்னதும், "நான் இங்கே வேலைக்காரன் அல்ல" என்று பதில் வந்தது. ஹெலன் அதையும் எழுதிக்கொண்டார். இடம் பற்றிய குழப்பம். எளிய வேலையைத் தொடங்க இயலவில்லை. மனைவியிடம் காரணமற்ற கோபம்.

வியாழக்கிழமை குடும்பத்தாருடன் கூட்டம். ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படியொரு கூட்டம் உண்டு. வீட்டுக்கா, முதியோர் இல்லத்துக்கா என்று அதில்தான் பேசி முடிவெடுப்பார்கள். மாஸ்டரின் மகள் வதனி மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். பகல் முழுக்க வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும்தான். அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. அப்பாவுக்கு நடையும் இல்லை, புத்தியும் தடுமாறுகிறது என்று குறிப்பு போனால் யார்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்? இல்லத்தில் அவருக்கு ஒரு கட்டில் கிடைக்கும். அந்த அம்மாவுக்குக் கிடைக்காது. ஐம்பத்துநாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இந்த வாரத்தோடு ஆளுக்கொரு பக்கம்.

விரல் விட்டு எண்ணிய சாட்சிகள்

அன்று பிற்பகல் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, ஒர்க்ஹவுஸ்னா என்ன?"

பாடம் எடுத்துப் பழகியவரிடம் கேள்வி கேட்டால் போதும். எழுந்து உட்காரக்கூடாது என்று வீம்பாகக் கிடந்தவர், தானாகவே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நான் மூன்று நாளாகக் கெஞ்சிய பயிற்சி அது.

"இங்கிலாந்தில பிள்ளை, ஏழையளை அடைச்சு வைக்கக் கட்டின வீடு. வேலையில்லை, சாப்பாடில்லை எண்டு கேட்டால் சும்மா தரமாட்டாங்கள். உள்ளுக்கு வா எண்டுவாங்கள். உள்ள போனால் உன்ர உடுப்பைக் கழட்டிப்போட்டு அவங்கட உடுப்பு. மூண்டு நேரமும் கஞ்சியும் பாண் துண்டும். அதுக்குக் கல்லுடைக்கவேணும். இல்லையெண்டால் பழைய கப்பல் கயிறைக் கையால பிரிச்சுப் பிரிச்சு நாராக்கவேணும். வெளியில கிடைக்கிற ஆகக் கடைசி வாழ்க்கையை விடவும் உள்ளுக்கு மோசமாய் இருக்கவேணும் எண்டுறதுதான் அவங்கட கொள்கை. அப்பதானே ஒருத்தரும் வரமாட்டினம்."

"சரி."

"புருசன் ஒரு பக்கம். பெண்சாதி மற்றப் பக்கம். பிள்ளையள் வேற இடம். வாசல்லயே பிரிச்சுப்போடுவாங்கள்." குரல் இறங்கிவிட்டது. "நான் சின்னப் பெடியனாய் இருக்கேக்க எங்களுக்கு இங்கிலாந்துச் சரித்திரம்தான் படிப்பிச்சவை. பிறகு நானும் படிப்பிச்சனான். எனக்குத் தெரியாதே?"

"ஆனா ஐயா, இது ஆஸ்பத்திரி. இந்த ஊர்ல அப்படி எதுவும் கிடையாது. நீங்களா நினைச்சுக்கிறீங்க."

நான் செய்த பெரிய தப்பு அதுதான். விசாரிக்காமல் சொன்னேன். ஆஸ்பத்திரி வேலைக்கான சீருடை போட்டவர்கள் எல்லாருக்கும் தொற்றுகிற வியாதி அது. எதிரில் கிடப்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்.

மாஸ்டர் வலது கையைத் தூக்கினார். விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"இது கஞ்சி. இது பேர் அடிச்ச உடுப்பு. ஆம்பிளையளுக்கு இந்தப் பக்கம், பொம்பிளையளுக்கு அந்தப் பக்கம். துவாயை மடி, தேத்தண்ணியைப் போடு எண்டு வேலை வாங்கிறியள். என்னைக் கொண்டந்து விடேக்க மகளைக் கேட்டனான், இது என்ன இடம் எண்டு. 'கொஞ்ச நாளைக்குத்தான் அப்பா' எண்டாள். விட்டிட்டுப் போறவை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவினம்." பெருவிரலை மட்டும் மடக்காமல் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "கடைசியாய், வாசல்ல கல்லில வெட்டி வைச்சிருக்கு. வயசு போன ஏழையளுக்கெண்டு ஆரோ புண்ணியவான் கட்டிக் குடுத்த வீடாம். நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வாசிச்சனான். நீ வாசிச்சனீயோ?"

நான் வாசித்ததில்லை. ஒன்றரை வருடமாகத் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன்.

எங்கள் ஊர் தர்மாஸ்பத்திரி

இந்த இடத்தில் என் அப்பாவின் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் பக்கம் அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். இன்றும் சொல்பவர்கள் உண்டு. அப்பா ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். தர்மாஸ்பத்திரி நான்கு தெரு தள்ளி. எலும்பு முறிவுக்கு அங்கே கெட்டிக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். அப்பா போகவில்லை. "தர்மத்துக்கு வைத்தியம் பார்த்துக்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரலை" என்று சொல்லி, தெரிந்தவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிய கட்டோடு மூன்று மாதம் இருந்தார். கட்டைப் பிரித்தபோது கை கோணியிருந்தது. கடைசிவரை அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமப்பட்டார்.

அந்தக் கோணல் கையைப் பார்த்துத்தான் நான் பிசியோதெரபி படித்தேன் என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. ஆனால் அந்தக் கையைக் கோணலாக்கியது எலும்பு முறிவு அல்ல, வெட்கம்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதே வெட்கம் வேட்டி கட்டிக்கொண்டு என் முன்னால் கட்டிலில் கிடக்கிறது. அதைப் போய்ப் புத்தி தடுமாற்றம் என்று நினைத்தேனே என்று என்மீதே எனக்கு எரிச்சலாக வந்தது.

வேலை முடிந்ததும் வாசலுக்குப் போனேன். பழைய செங்கல் கட்டடத்தின் கதவுக்கு மேலே கல் இருந்தது. பாசி படிந்த எழுத்துகளை அண்ணாந்து படித்தேன். மாஸ்டர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. கழுத்து வலித்தது. ரயிலைத் தவறவிட்டேன்.

படங்கள் மாட்டிய நடைவழி

மறுநாள் காலை மாஸ்டரிடம் போய், "நீங்க சொன்னது சரி ஐயா. நான்தான் படிக்கலை. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் முகத்தில் வெற்றி தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரிந்தது பயம்தான். அதுவரை, தான் சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்று அவரும் ஒரு மூலையில் ஆசைப்பட்டிருக்கிறார்.

"ஆனா நீங்க நூறு வருஷம் லேட்டா வந்திருக்கீங்க. வாங்க, காட்டுறேன்" என்று சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தேன்.

பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவே ஒரு நீண்ட நடைவழி. சுவரெல்லாம் பழைய படங்கள். அதன் முனையில் வழி சொல்லும் மேசையில் கிரஹாம் என்ற தொண்டர் உட்கார்ந்திருப்பார். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையில் ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரும்பி வந்து சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் படத்தில் தாடி வைத்த கிழவர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு. அவர்களைப் பற்றி கிரஹாம் எழுந்து வந்து சொன்னார். மண்ணில் புதைந்த மரப்பிசினைத் தோண்டி விற்றவர்கள், மரம் வெட்டியவர்கள், கப்பலிலிருந்து இறங்கித் திரும்பாதவர்கள். இந்த நாட்டில் ஒர்க்ஹவுஸே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டுதான் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறினார்களாம். ஆனால் குடும்பம் இல்லாத மனிதர்களுக்கும் வயதாகுமே. அவர்களை எங்கே வைப்பது? இப்படியொரு வீட்டைக் கட்டினார்கள். பெயர்தான் வேறு. உடம்பில் தெம்புள்ளவன் தோட்டம் கொத்த வேண்டும், விறகு பிளக்க வேண்டும்.

"பாத்தியே?" என்று மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் படம் இருக்கு ஐயா. பாருங்க."

அடுத்த படத்தை அவர் நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அதே கூடம்தான். சன்னல்களும் அதேதான். நீளமான சாப்பாட்டு மேசைகள் போய்விட்டன.

"கட்டில் வந்திட்டுது" என்றார்.

அதற்கடுத்த படத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட தாதிகள். அடுத்ததில் ஒரு மருந்து அலமாரி, அதன் பக்கத்தில் டாக்டர். அதற்கும் அடுத்ததில், கிழவர்கள் யாருமே இல்லை, ஒரு சின்னப் பெண் கையில் கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் படம் படமாக என்னைத் தள்ளச் சொன்னார். கொஞ்ச தூரத்தில் பொறுமை இழந்து, சுவரோரக் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். நான் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உட்கார்ந்திருப்பார்.

மூன்று படங்களின் தூரத்தை அவர் நடந்து கடந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுதான் முதல் நடை.

"எந்த ஆண்டில் மாற்றினார்கள்? யார் உத்தரவு போட்டது?" என்று கிரஹாமிடம் ஆங்கிலத்தில் கேட்டார். சரித்திர வாத்தியாருக்கு ஆண்டும் ஆளும் வேண்டும்.

கிரஹாம் தலையைச் சொறிந்தார். அப்படி ஒருநாளில் யாரும் மாற்றவில்லை என்றார். வந்தவர்கள் கிழவர்கள். நோயில் விழுந்தார்கள். விழுந்தவனிடம் என்ன வேலை வாங்குவது? கட்டில் போட்டார்கள். கட்டில் போட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தாதிகள் வந்தார்கள். தாதிகள் வந்தால் டாக்டரும் வரவேண்டும். டாக்டர் வந்த பிறகு பக்கத்துத் தெருக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வாசல் பலகையில் பெயரை மாற்றினார்கள், பழைய கல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

"இங்கிலாந்திலயும் அப்பிடித்தான் நடந்ததோ?" என்று மாஸ்டர் என்னிடம் தமிழில் கேட்டார். நான் முந்தின இரவு கைப்பேசியில் தேடிப் படித்திருந்தேன். அதனால் கொஞ்சம் அறிவாளி போலவே பதில் சொன்னேன். அங்கேயும் நோயாளிக் கூடம் பெருத்து ஒர்க்ஹவுஸை விழுங்கிவிட்டது. போருக்குப் பிறகு அவற்றில் நிறையக் கட்டடங்கள் எல்லாருக்குமான ஆஸ்பத்திரிகள் ஆயின. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றில் ஒர்க்ஹவுஸ் என்று எழுதாமல் ஏதோ ஒரு தெரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்களாம், பின்னாளில் அவர்கள் தலைகுனியக்கூடாது என்று.

"இது எங்கட புத்தகத்தில இல்லை" என்றார் மாஸ்டர். அவர் படித்த புத்தகம் கல்லுடைப்பதோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நடந்த நல்ல காரியத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கிரஹாமின் அம்மா இந்த வாசலைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நடப்பாராம், தன்னையும் உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று. கடைசியில் இங்கேதான் அவருக்கும் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. குணமாகிப் போகும்போது அவர் சொன்ன ஒரே குறை, முட்டை வேகவில்லை என்பதுதானாம். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரித்திரத்தில் இல்லாத பாடம்

திரும்பித் தள்ளிக்கொண்டு வரும்போது சொன்னேன். "டீ போடச் சொன்னது உங்ககிட்ட வேலை வாங்க இல்ல ஐயா. நீங்க வீட்டுக்குப் போகலாமான்னு பார்க்கத்தான். போட்டுட்டா வீட்டுக்கு. அவ்வளவுதான்."

"தேத்தண்ணி அவ போடுவா."

"அம்மாவுக்கு முழங்கால் முடியலையே. பகல்ல உங்க மகளும் வேலைக்குப் போயிடுவாங்க."

வார்டு வாசல் வந்துவிட்டது. நாற்காலியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எனக்குப் போடத் தெரியாது பிள்ளை."

"ஒருவாட்டிகூடப் போட்டதில்லையா?"

"குசினிக்குள்ள நான் போனதேயில்லை. முதல்ல அம்மா இருந்தா. பிறகு இவ வந்திட்டா." குரலைத் தாழ்த்தி, "கெட்டில் எங்கால திறக்கிறதெண்டும் தெரியேல்லை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெரிய பெரிய சாட்சிகளை அடுக்கி ஒரு சாம்ராஜ்யத்தையே கூண்டில் ஏற்றியவருக்கு, டீ போடத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒர்க்ஹவுஸ் என்று அவர் நம்பியது நிஜம்தான். ஆனால் அந்த நம்பிக்கை அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் வசதியாகவும் இருந்திருக்கிறது. ஆண்கள் இதைப் படித்து என்மேல் கோபப்படலாம். படட்டும்.

ஹெலனிடம் ஓடினேன். "அவருக்குக் குழப்பம் இல்லை. இது முன்னாடி ஏழைகள் இல்லம். அவர் வாசலில் படித்திருக்கிறார்" என்றேன். ஹெலன் நம்பவில்லை. மாடிப்படி இறங்கி வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னைவிட மிக அதிக வருடங்களாக அந்த வழியில் நடப்பவர். முகம் சிவந்திருந்தது. உட்கார்ந்து பழைய குறிப்புக்குக் கீழே புதிதாக எழுதினார். அப்புறம் என்னிடம், "டீ போட முடியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கேட்டு முடித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அப்படியானால் நான் சோதித்தது அவர் மூளையை இல்லை, அவர் வளர்ந்த வீட்டை" என்றார். புதன்கிழமை மறுபடி சோதிக்கலாம், அதற்குள் சொல்லிக்கொடு என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதல் கப்பில் டீப்பையின் நூலும் அட்டையும் சேர்ந்தே உள்ளே போயின. இரண்டாவதில் சீனிக்குப் பதில் உப்பு. மூன்றாவதை நானே குடித்தேன். குடிக்கும்படியாக இருந்தது. நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு படியையும் எண் போட்டு எழுதிக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கும் முதல் பெஞ்சு மாணவன் அவர்.

புதன்கிழமை

சோதனைக்கு மனைவியும் வரட்டும் என்று ஹெலன் வதனியிடம் சொல்லியிருந்தார். புவனேஸ்வரி அம்மா மகளோடு வந்து வழக்கம்போல வாசலிலேயே நின்றார். வேட்டிக்குப் பதிலாக ஆஸ்பத்திரி பைஜாமாவில் வாக்கரைப் பிடித்து நின்ற கணவரைப் பார்த்ததும் ஓரடி பின்னாலும் போனார்.

"இஞ்சேரும், உள்ளுக்கு வாரும்" என்றார் மாஸ்டர். "பயப்பிடாதையும். இது ஆசுப்பத்திரிதான். நான் விசாரிச்சிட்டன்."

"நான் எப்ப பயந்தனான்?" என்றபடி அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் அப்பா அம்மாவை உள்ள விடேல்லை?" என்று வதனி கேட்டார்.

மாஸ்டர் மனைவியைப் பார்க்கவில்லை. கெட்டிலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "என்னைப் பிடிச்சு வைச்சால் வைச்சிட்டுப் போகட்டும். இவவையும் கொண்டுபோய் வேற பக்கத்தில விட்டாங்கள் எண்டால், நான் எங்க போய்த் தேடுறது?"

வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஹெலனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

வாக்கரோடு குழாயடிக்குப் போனார். கெட்டிலை நிரப்பினார், பாதிவரை மட்டும். மூடினார், சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கொதித்து முடியும்வரை ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் லேசாக நடுங்கியது. நான் என் இடத்திலேயே இருந்தேன். அட்டையை வெளியில் தொங்கவிட்டு டீப்பையைப் போட்டார். பால் விட்டார். சீனி டப்பாவைத் திறந்ததும் நிறுத்தி, விரலால் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சீனிதான். இரண்டு கரண்டி போட்டார். கப்பைக் கையில் தூக்காமல், பழக்கியது போலவே சின்னத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஹெலன் கையை நீட்டினார். மாஸ்டர் அவரைத் தாண்டிப் போய் மனைவியின் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

அம்மா கப்பை இரண்டு கையாலும் எடுத்தார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். மறுபடி ஒரு வாய். ஹெலன் கோப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கூட்டத்தில் பேச அதிகம் இருக்காது, வீட்டுக்குத்தான் என்றார். வதனி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கினார்.

அந்த இரண்டு பேர் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை.

"உங்களுக்கு ஏலுமெண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார் அம்மா.

"எனக்கும் தெரியாதப்பா" என்றார் மாஸ்டர்.

அம்மா கப்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வெறும் கப்பை வண்டியில் வைத்தார். பிறகு ஒரு விரலால் அந்த வண்டியை அவர் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டார்.

"அப்ப இன்னொண்டு போடுங்கோ."